கொழுப்பு விரதம் தொடங்கும் முன் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்தில், தங்கச்சிமடத்தில் உள்ள, சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் என் தாய்மாமா வலையைப் பழுதுபார்த்துக்கொண்டு கரையிலேயே இருப்பார். உழைப்புக் குறைந்து உடம்பு பெருக்கும் மாதங்கள் அவை. போன தடைக்காலத்தில், எடையைக் குறைக்க வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ எழுதிக் கொடுத்த முறைப்படி, சில நாட்களுக்குப் பெரும்பாலும் கொழுப்பை மட்டும் குறைந்த அளவில் சாப்பிடும் கொழுப்பு விரதத்தைத் தொடங்கியிருந்தார். மூன்றாம் நாள் காலை நான் வலைக்கொட்டகைக்குப் போனபோது, நாற்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்ட அந்தக் கையில் இருந்த ஊசி வலைக்கண்ணியை மூன்று முறை தவறவிட்டது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஒன்னுமில்லத்தா, லேசா கிறுகிறுங்குது" என்றார். பக்கத்து வீட்டுக் கருவியில் சோதித்தபோது சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை என்பார்கள். அத்தையிடம் சீனித் தண்ணீர் கேட்டேன்; டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "சீனி ஒரு துளிகூடப் படக்கூடாதுன்னுல்ல எழுதியிருக்கு" என்று தயங்கி நின்றார். அந்தத் தயக்கம்தான் இந்தப் பதிவை என்னை எழுத வைக்கிறது.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோவுக்கு நான் எதிரி இல்லை. பதினான்கு மாதங்களாக நானே அந்த உணவுமுறையில்தான் இருக்கிறேன், பலனும் கண்டிருக்கிறேன். வலிப்பு நோய்க்காக 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்த முறை இது. பட்டினி கிடந்தால் வலிப்புக் குறைவதைக் கண்டவர்கள், பட்டினி இல்லாமலே உடலைப் பட்டினியின் நிலைக்குக் கொண்டுபோக வழி தேடியபோது பிறந்தது. மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்தினால் கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றி உடலுக்கு எரிபொருளாகத் தருகிறது. அந்த நிலைக்குப் பழகிய உடலில் பசி அடங்கிவிடுவதால், இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் பதினொரு மணிவரை பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போடுவது எனக்குச் சிரமமாக இருந்ததே இல்லை.

கொழுப்பு விரதம் வேறு சங்கதி. ஒரு நாள் முழுவதற்கும் சுமார் 1000 கலோரி, அதில் எண்பது தொண்ணூறு விழுக்காடு கொழுப்பு என்பது அதன் கணக்கு. 1956இல் லண்டனில் கெக்விக், பவான் என்ற இரு ஆய்வாளர்கள் பருமனான நோயாளிகளுக்குச் சில நாட்கள் இப்படிக் கொடுத்து, அதே கலோரியில் மாவுச்சத்துச் சாப்பிட்டவர்களைவிட எடை வேகமாக இறங்குவதைக் காட்டினார்கள். பின்னாளில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் அதைப் பரப்பினார், ஆனால் எதற்கும் எடை அசையாதவர்களுக்கு, அதுவும் நான்கைந்து நாட்களுக்கு மட்டும் என்றார். 1976இல் யாங், வான் இட்டாலி இருவரும் 800 கலோரிக் கீட்டோ உணவையும் அதே கலோரிக் கலப்புணவையும் ஒப்பிட்டு, கரைந்த கொழுப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், கூடுதலாக இறங்கியது தண்ணீர் என்று கண்டறிந்தார்கள். உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால், அது தீரும்போது தண்ணீரும் போய்விடுகிறது. மூன்று நாளில் மூன்று கிலோ என்று மகிழ்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

புரதமும் கவலைக்குரியது. 1000 கலோரியில் பத்து விழுக்காடு புரதம் என்றால் 25 கிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்குத் தேவையோ 50 கிராம். அதனால்தான் கொழுப்பு நிறைந்த சாளை மீனுக்குக்கூட இந்த விரதத்தில் இடமில்லை. அதில் புரதமும் கணிசமாக உண்டு. குழுக்களில் சுற்றும் பட்டியல்களில் மக்கடாமியாக் கொட்டையும் கிரீம் சீஸும் இருக்கும். எங்கள் பக்கத்து மண்டபம் ஊரில் எந்தக் கடையில் அவை கிடைக்கும்? நம் ஊரில் செய்வதானால் ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் பொரித்த இரண்டு முட்டை மஞ்சள் கருவோ, 50 கிராம் தேங்காய்த் துண்டோ ஒரு வேளைக்குப் போதும். 200 கலோரியை ஒட்டி வரும். கருப்பட்டி இயற்கையானதாயிற்றே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் சர்க்கரைதான்.

மாமாவை வீழ்த்தியது உணவு மட்டுமன்று. காலையில் வழக்கம்போல் விழுங்கிய கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்துதான். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. மாவுச்சத்து வராத நாளில் அந்த இன்சுலின் இரத்தத்தில் உள்ள சர்க்கரையையே தின்றுவிடும். கிளிபென்கிளமைடுக்கும் இன்சுலின் ஊசிக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் தனியாக எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை பொதுவாக வருவதில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் கீட்டோவில் இறங்கினால் ஆபத்து வேறு வடிவில் வரலாம்: சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடிவிடும். வாந்தியும் மூச்சு வாங்கலும் கண்டால் கருவியில் தெரியும் எண்ணை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

இன்சுலின் குறையும் முதல் நாட்களில் சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியேற்றும். நம் கரை வெயிலில் வியர்வையில் போகும் உப்பு வேறு. இரத்த அழுத்த மாத்திரையும் எடுப்பவர் எழுந்தவுடன் கண் இருட்டி விழுவதற்கு இதுவே போதும்.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த சர்க்கரை நோயாளிகள், ரமலான் பிறப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரையை விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கு, எதை நோன்பு திறந்தபின், எதைப் பாதியாக என்று எழுதி வாங்கி வந்துவிடுகிறார்கள். ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு முன்பே இந்த ஆலோசனை நடக்க வேண்டும் என்று சர்வதேச நீரிழிவு வழிகாட்டுதலும் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக நோன்பிருக்கும் மக்களே இவ்வளவு கவனமாக இருக்கும்போது, கீட்டோ விரதம் எடுக்கும் நாம் மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அட்டவணையை நம்பி இறங்குகிறோம். குழு நடத்துபவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: அட்டவணை கொடுக்கும் முன் என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். கைநடுங்கி வியர்த்தால் எந்த விரதமானாலும் உடனே சீனி கொடுக்க வேண்டும் என்பதை அட்டவணையின் முதல் வரியாக எழுதுங்கள்.

அன்று நான் டம்ளரைப் பிடுங்கி மூன்று கரண்டிச் சீனி கலந்து கொடுத்தேன். கால் மணி நேரத்தில் 82. மருத்துவர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மினை மட்டும் தொடரச் சொன்னார். இப்போது மாமா பன்னிரண்டு மணி நேர இடைவெளியோடு நிறுத்திக்கொள்கிறார். மதியம் சாளையும் முருங்கைக்கீரையும். அத்தை அடுப்படி அலமாரியின் முன்வரிசையில் ஒரு சின்ன டப்பாவில் சீனி வைத்திருக்கிறார்.