அடித்தது இங்கே, வழக்கு மட்டும் ஏன் அங்கே?

பொலிஸில் அடி வாங்கிய ஒருவர் தன் உரிமை மீறப்பட்டது என்று வழக்குப் போடுவதற்கு இருப்பது ஒரே ஒரு மாதம். இலங்கை அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் அந்த அடிப்படை உரிமை மனு, நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும். அந்த நீதிமன்றம் இருப்பதோ கொழும்பு புதுக்கடையில், யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பாதிக்கப்பட்டவர் தானே மனுப் போடலாம், அல்லது அவருக்காக ஒரு சட்டத்தரணி போடலாம். அவர் உயிரோடு மறியலில் இருக்கும்போது தாயோ மனைவியோ போட முடியாது.

அடி வாங்கியவன் அந்த ஒரு மாதத்தை எங்கே கழிக்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். பொலிஸ் அவனைக் கொண்டுபோய் நீதவான் முன் நிறுத்தும். பதினான்கு நாள் விளக்கமறியல். தவணை வரும்போது விசாரணை முடியவில்லை என்று சொல்லுவார்கள், இன்னொரு பதினான்கு நாள். மாதம் சரி. பிணையில் வெளியே வந்து அவன் ஒரு சட்டத்தரணியைத் தேடிப் பிடிப்பதற்குள் காயமும் ஆறிவிடும், காலமும் கடந்துவிடும்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பல வருடம் ரைப்பிங் வேலை செய்தவள். காணி உறுதி, விவாகரத்து, பிணை விண்ணப்பம் என்று கைக்கு வந்ததெல்லாம் அடித்திருக்கிறேன். ஒருநாள் வலிகாமப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனைக் களவுக் கேஸ் ஒன்றில் பிடித்து, பொலிஸ் நிலையத்தில் வைத்து அடித்து, பிறகு மறியலுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மா பார்க்கப் போனபோது மகன் மாற்று உடுப்பை வாங்கிக்கொண்டு, பிடிபட்ட அன்று போட்டிருந்த சேட்டைக் கொடுத்துவிட்டிருக்கிறான்.

“அந்தச் சேட்டைக் கொண்டு வந்தனீங்களோ அம்மா?” என்று சட்டத்தரணி கேட்டார்.

கொண்டுதான் வந்திருந்தார். சொப்பிங் பைக்குள் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். அயன் பண்ணி, கடையில் வைப்பதுபோல மடித்திருந்தது. “ஒரே ரத்தமாக் கிடந்தது ஐயா. ரெண்டு தரம் சவுக்காரம் போட்டுத் தோய்ச்சனான்” என்றார். நெஞ்சுப் பக்கம் பிய்ந்துபோன பொத்தானுக்குப் பதிலாக வேறு நிறத்தில் ஒரு பொத்தானும் தைத்திருந்தார்.

சட்டத்தரணி ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? எந்தத் தாய்தான் தோய்க்காமல் விடுவாள்? அந்தப் பொத்தான் பிய்ந்த இடமும் ரத்தமும்தான் மகனின் சாட்சி என்று அவருக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. அதன் பிறகு மறியலுக்குள் போய்ச் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வாங்க வேண்டும், கொழும்பில் ஒரு சட்டத்தரணியைப் பிடிக்க வேண்டும், அவருக்குக் காசு கட்ட வேண்டும், ஒவ்வொரு தவணைக்கும் யாராவது இரவு பஸ் ஏற வேண்டும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வீட்டில கதைச்சிட்டு வாறன்” என்று போனார். திரும்பி வரவில்லை. அந்த மனு போடப்படவே இல்லை.

இப்படிப் போடப்படாத மனுக்களுக்குக் கணக்குக் கிடையாது. நமக்குத் தெரியவருவது எல்லை மீறி, ஆள் செத்துப்போன கதைகள்தான். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைது செய்த சித்தங்கேணி இளைஞனை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். விளக்கமறியலில் இருந்தபோது உடல் மோசமாகி, அந்த மாதம் 19ஆம் திகதி யாழ் போதனா வைத்தியசாலையில் இறந்துபோனான். தன்னை என்ன செய்தார்கள் என்று அவன் தன் வாயாலேயே சொன்ன வீடியோ வெளியில் வந்தது. ஊர் கொதித்தது, நீதவான் உத்தரவிட்டார், பொலிஸார் கைதானார்கள். அவன் பிழைத்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்? அவனும் அந்த ஒரு மாதத்துக்குள் மாட்டிக்கொண்ட இன்னொருவனாக இருந்திருப்பான்.

சித்திரவதைக்கு எதிராகச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி சித்திரவதை ஒரு குற்றம், குறைந்தது 7 வருடம், கூடியது 10 வருடம் சிறை. அந்தச் சட்டத்தை எங்கள் யாழ் மேல் நீதிமன்றமே பயன்படுத்திக் காட்டியிருக்கிறது. 2011இல் சுன்னாகம் பொலிஸாரின் காவலில் இறந்த இளைஞனின் வழக்கில், 2017இல் நீதிபதி இளஞ்செழியன் பொலிஸாருக்குச் சிறைத்தண்டனை கொடுத்தார். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கும் திறப்பு சட்டமா அதிபரின் கையில். அவர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தால்தான் உண்டு. ஒரு சாதாரண ஆள், யாருடைய அனுமதியும் கேட்காமல், “எனக்கு இதைச் செய்தவர் இவர்” என்று பெயர் சொல்லி நேராக நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடிய வழி அடிப்படை உரிமை மனுதான். அதைப் போய்க் கொழும்பில் பூட்டி வைத்திருக்கிறோம்.

இன்னொரு விஷயம் எனக்கு விளங்குவதேயில்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்த நாளிலிருந்து, பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் வவுனியா மேல் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். ஆளைக் காணவில்லை என்றால் இங்கே போகலாம், ஆள் இருக்கிறான், அடித்து நொறுக்கியிருக்கிறார்கள் என்றால் கொழும்புக்குப் போக வேண்டும். இதற்கு என்ன நியாயம்? இராணுவத்தைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கத் தகுதியான நீதிமன்றத்துக்கு ஒரு பொலிஸ் பொறுப்பதிகாரியைக் கேட்கத் தகுதி இல்லையா?

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்குச் சில நேரம் உடனே பலன் கிடைப்பதும் உண்மை. 2021 செப்டெம்பரில் சிறைச்சாலைகளுக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சராக இருந்த லொஹான் ரத்வத்த அநுராதபுரம் சிறைக்குள் போய்த் தமிழ்க் கைதிகளை முழந்தாளில் இருத்தித் துப்பாக்கி காட்டி மிரட்டினார். கைதிகள் எட்டுப் பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்களை யாழ்ப்பாணச் சிறைக்கு மாற்றும்படி இடைக்கால உத்தரவு வந்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் குரல் கொடுக்கவும் மனுவை எழுதவும் ஆட்கள் இருந்தார்கள். சைக்கிள் களவில் பிடிபட்டவனுக்கும், கசிப்புக் கேஸில் தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே கிடப்பவனுக்கும் அப்படி யாரும் வருவதில்லை. நாட்டின் சிறைகளில் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்களை அடைத்து வைத்திருக்கிறார்கள், அதில் பெரும்பான்மையோர் இன்னும் குற்றவாளி என்று தீர்க்கப்படாத விளக்கமறியல் கைதிகள். மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வில் நெரிசல், மலசலகூடம், மருந்து, அடி எல்லாம் விபரமாக இருக்கிறது. அந்தச் சிறைகளை நடத்துவது 1877இல் போட்ட கட்டளைச் சட்டம்.

“கள்ளனுக்கும் தூள் விற்கிறவனுக்கும் என்ன உரிமை?” என்று கேட்பவர்கள் இதன் கீழும் கருத்துப் போட வருவீர்கள். எங்கள் பிள்ளைகளைப் போதை என்ன செய்கிறது என்று எனக்கும் தெரியும், கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை சித்திரவதையை யாருக்கும் அனுமதிக்கவில்லை, நல்லவன் கெட்டவன் என்று பிரிக்கவும் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தபோதும் “பயங்கரவாதிக்கு மட்டும்தானே” என்றுதான் சொன்னார்கள். அதில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகிவிடும். அந்த ஒரு காகிதத்தால் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் பத்து, பதினைந்து வருடம் உள்ளே கிடந்தார்கள்? 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள், ஒருவருக்கும் தண்டனை இல்லை. மறியலுக்குள் இருப்பவனின் உயிருக்கு விலை இல்லை என்று விட்டால் அது எங்கே போய் முடியும் என்று யாழ்ப்பாணத்தானுக்கு வேறு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இது தமிழர் பிரச்சினை மட்டும் என்றும் நான் சொல்லவில்லை. மிரிஹான பொலிஸில் சித்திரவதைக்கு உள்ளான ஒரு சிங்களவர் 2011இல் போட்ட மனுவுக்கு 2023 டிசெம்பரில்தான் தீர்ப்பு வந்தது, பன்னிரண்டு வருடம். பொறுப்பாளி என்று காணப்பட்டவர்களில் ஒருவர் அப்போது பதில் பொலிஸ்மா அதிபராக இருந்த தேசபந்து தென்னக்கோன். சொந்தப் பணத்தில் ஐந்து இலட்சம் ரூபாய் கட்டச் சொன்னது நீதிமன்றம். அதற்குப் பிறகும், 2024 பெப்ரவரியில், அவரை நிரந்தரப் பொலிஸ்மா அதிபர் ஆக்கினார்கள். பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது 2025 ஓகஸ்டில். மாகாண நீதிமன்றங்களிலும் இந்த மனுக்களைக் கேட்டால் இப்படிப் பன்னிரண்டு வருடம் இழுபட வேண்டி வராது, மாத்தறைக்காரருக்கும் மட்டக்களப்புக்காரருக்கும் அதே பலன்.

கேட்பது இரண்டு. அடிப்படை உரிமை மனுவை மாகாண மேல் நீதிமன்றத்தில் போட வழி செய்யுங்கள், மேன்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகட்டும். அடுத்தது, மறியலில் இருப்பவனுக்கு அந்த ஒரு மாதம் அவன் வெளியே வந்த நாளிலிருந்து ஓடட்டும். இதுவும் புதுக் கதை இல்லை. நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில் பிரதம நீதியரசர் சர்வானந்தா, தடுப்பில் இருப்பவருக்குத் தடை நீங்கிய பிறகே காலத்தைக் கணக்கிட வேண்டும் என்று எண்பதுகளிலேயே சொல்லிவிட்டார். அதைச் சட்டத்தில் எழுதி வைக்காததால் ஒவ்வொரு முறையும் வாதாடித்தான் பெற வேண்டியிருக்கிறது. 2024 தேர்தலில் யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை ஆளும் கட்சிக்குக் கொடுத்திருக்கிறோம். புதிய அரசியலமைப்பு கொண்டு வருவோம் என்று சொன்னவர்கள் அவர்கள். அந்த மூன்று பேரிடமும் மற்ற மூன்று பேரிடமும் இதைக் கேளுங்கள்.

அதுவரைக்கும் உங்கள் வீட்டில் யாரும் பிடிபட்டால்: உடுப்பைத் தோய்க்க வேண்டாம், அப்படியே கடதாசிப் பையில் வையுங்கள். நீதவான் முன் நிறுத்தும்போது “அடித்தார்கள்” என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி சட்டத்தரணி கேட்கட்டும். கையில் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். ஒரு மாதம் முடிய முன்னர் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்று காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு, விசாரணைக்கு எடுத்துவிட்டார்களா என்று திரும்பத் திரும்பப் போய்க் கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள்.