640 கேபி என்று சொல்லிச் சிரிப்பவர்களுக்கு

கண்காட்சியில் பழைய கணினியைக் கேலி செய்யும் அந்தக் காணொளியை நான் இங்கே மறுபடி பகிரப் போவதில்லை. காரைக்குடியில் பார்க்காதவர்கள் யாரும் பாக்கி இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கே தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்பிவிட்டார்கள். கண்காட்சி மேசையில் ஒரு பழைய 386 கணினி, பக்கத்தில் மைக்குடன் ஒரு பேராசிரியர். "640 கேபி எவருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னார். அதை நம்பி வேலை பார்த்தார்கள் அந்தக் காலத்து ஆட்கள்" என்கிறார். கேபி என்றால் கிலோபைட், கணினி நினைவகத்தின் அளவு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அந்தக் காலத்து ஆட்களில் நானும் ஒருத்தி.

பில் கேட்ஸ் அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை யாரும் ஆதாரம் காட்டவில்லை. அவரே மறுத்திருக்கிறார். சரி, அது போகட்டும், மேடையில் நாலு வார்த்தை சுவையாகப் பேச வேண்டாமா? என் கோபம் அதில் இல்லை. 640 என்பது யாரோ ஒருவரின் தொலைநோக்குக் குறைவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்தான். அது முட்டாள்தனம் அல்ல, கணக்கு. 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதற்குள் இருந்த 8088 சில்லுக்கு, நினைவகத்தில் எந்த இடம் என்று காட்ட 20 முகவரிக் கம்பிகள். இரண்டை இருபது முறை பெருக்குங்கள்: 10,48,576 பைட், அதாவது 1,024 கேபி, ஒரு எம்பி. அதற்கு மேல் அந்தச் சில்லால் விரல் நீட்டிக் காட்டக்கூட முடியாது. அன்றைக்கு அந்தப் பெட்டியின் அடிப்படை மாடலில் இருந்த நினைவகமோ வெறும் 16 கேபி. 16 கேபி விற்ற காலத்தில் 640 ஒதுக்கியவர்களைப் பார்த்தா குறுகிய பார்வை என்கிறீர்கள்?

நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்கிறேன். பதினாறு அறை உள்ள வளவு வீடு, அறைக்கு 64 கேபி. முதல் பத்து அறை நிரல்களுக்கு, அதுதான் 640. மீதி ஆறு அறை திரைக்கும், உள்ளே செருகும் அட்டைகளுக்கும், பெட்டியை எழுப்பிவிடும் பயாஸ் நிரலுக்கும் எழுதி வைத்தாகிவிட்டது. அந்த ஆறிலும் பாதி பூட்டியே கிடக்கும், சிங்கப்பூரில் இருக்கும் பங்காளியின் பங்கு மாதிரி. அந்தப் பெட்டிகளை இயக்கிய மைக்ரோசாஃப்ட் இயங்குதளம் டாஸ். 1991இல் வந்த டாஸ் 5, 386 கணினிகளில் இஎம்எம்386 என்ற நிரலைக் கொண்டு அந்தப் பூட்டிய அறைகளைத் திறந்து, டிரைவர்களை, அதாவது அட்டை, மவுஸ் போன்றவற்றை ஓட்டும் குட்டி நிரல்களை, அங்கே குடியேற்ற வழி செய்தது. பின்னால் வந்த 286, 386 சில்லுகளில் ஒரு எம்பிக்கு மேலே ஏறக்குறைய இன்னொரு 64 கேபியை எட்டிப் பிடிக்கும் வித்தையும் உண்டு. அதற்கான திறப்பு விசை கீபோர்டைக் கவனிக்கும் சில்லில் இருந்தது! இதை யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் ஒரு பாத்திரக் கடைக்கு ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள நிரலில் பில் போடும் வேலை செய்துகொண்டிருந்தேன். புதிதாக நெட்வொர்க் அட்டை போட்டார்கள். மறுநாள் காலை பில் நிரல் திறக்கவில்லை. நினைவகம் போதவில்லை என்றது. பெட்டியில் இருந்ததோ 4 எம்பி. முதலாளி செட்டியார் நியாயமாகத்தான் கேட்டார்: "ஏன் ஆத்தா, நாலு இருக்கிறது என்று சொல்லித்தானே விற்றான்? எங்கே போயிற்று?" பெட்டி விற்ற நிறுவனத்து ஆள் வந்து பார்த்துவிட்டு, புதுக் கணினி வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். டை கட்டியிருந்தார், ஆகவே அவர் சொன்னது எடுபட்டது. பெட்டி எழும்போது எந்த டிரைவர் எந்த வரிசையில் ஏற வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கடை சாத்தும்வரை உட்கார்ந்தேன். புது அட்டையின் டிரைவர் முதல் பத்து அறையில் இடம் பிடித்துக்கொண்டதுதான் சிக்கல். டிரைவர் ஏறும்போது கேட்கும் இடம் அதிகம். ஏறி அமர்ந்த பின் சுருங்கிவிடும். ஆகவே பெரியதை முதலில் மேலே, அந்தப் பூட்டிய அறைகளுக்கு அனுப்ப வேண்டும், சிறியவற்றைப் பின்னால் செருக வேண்டும். வரிசையை மாற்றி மாற்றிப் போட்டதில் பில் நிரல் திறந்தது. புதுக் கணினி வாங்கும் செலவு மிச்சம். 4 எம்பி இருந்தும் நின்றது, ஒரு பைட் கூட வாங்காமல் ஓடியது. மறுபடி சொல்கிறேன், நினைவகம் எவ்வளவு என்பதல்ல, எது எங்கே என்பதுதான் வேலை.

கோப்பு விஷயமும் அப்படித்தான். பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று. டாஸ் 3 காலத்தில் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பிரிவு 32 எம்பியைத் தாண்டாது: 65,536 செக்டார் என்ற சிறு துண்டுகள், ஒவ்வொன்றும் 512 பைட். 40 எம்பி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் இரண்டாக வெட்டித்தான் ஆக வேண்டும். 1988இல் டாஸ் 4 வந்துதான் அந்தத் தடை பரவலாக நீங்கியது. இதற்கும் சிரிக்கலாம், தாராளமாக. ஆனால் அழித்த கோப்பு உண்மையில் அழிவதில்லை என்பதும் அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு, அந்த இடம் காலி என்று அட்டவணையில் குறித்துவிடும். உள்ளே இருந்தது அப்படியே கிடக்கும். தீபாவளி நேரத்தில் அதே கடையில் ஒரு பையன் கணக்குக் கோப்பை அழித்துவிட்டான். யாரும் பெட்டியைத் தொடக்கூடாது, ஒரு பில் கூடப் போடக்கூடாது என்று கத்தினேன். புதிதாக எதையாவது எழுதினால் பழையதன்மேல் ஏறிவிடும் அல்லவா? அழித்ததை மீட்கும் அன்டிலீட் கட்டளை கொடுத்ததும் கேள்விக்குறியோடு "?ANAKKU" என்று காட்டி, முதல் எழுத்து என்ன என்று கேட்டது. 'K' போட்டேன். வந்துவிட்டது. அன்று அந்தக் கடையில் எனக்கு இருந்த மரியாதையைப் பேராசிரியர் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது சிலர் வருவார்கள். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் அப்போதே இருந்தது, டாஸில் நினைவகப் பாதுகாப்பே இல்லை, ஒரு நிரல் இன்னொன்றின் இடத்தில் எழுதிவிட்டுப் பெட்டியையே முடக்கிவிடும், 286, 386 சில்லுகளில் பாதுகாப்பு வசதி இருந்தும் டாஸ் பயன்படுத்தவில்லை என்பார்கள். உண்மைதான். ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்க் கல்லுக்கட்டியில் பாத்திரக் கடை வைத்தவர் யூனிக்ஸ் வாங்கும் விலையில் அது இருந்ததா? போகட்டும், அடுத்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு இது எதற்கு என்பார்கள். பெரிய கேள்விதான்! அதே காணொளியில், அடுத்த மேசையில் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை வைத்து விளக்கு எரியவிடுகிறார்களே, அந்த ஊனோ பலகையின் நினைவகம் 2 கேபி. 640 அல்ல, 2. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, நீல நிறத்தில் புதிதாக இருக்கிறது அல்லவா? மைக்ரோசாஃப்ட்டே 2024இல் டாஸ் 4இன் மூல நிரலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. டாஸைப் போலவே ஓடும் இலவச ஃப்ரீடாஸ், 1994இல் தொடங்கியது, இன்றும் உயிரோடு இருக்கிறது. உலகம் மதித்து எடுத்து வைக்கும் பொருளை நாம் கோமாளியாக்கி நிறுத்துகிறோம்.

பழம்பெருமை பேசுகிறேன் என்று சொல்லுங்கள், கவலையில்லை. பழைய பொருளின் அருமை தெரியாத ஊரா இது? முனீஸ்வரன் கோவில் தெருவில் போய்ப் பாருங்கள். உடைத்த வீட்டின் நிலைக்கதவுக்கும், துருவேறிய எனாமல் கிண்ணத்துக்கும் என்ன விலை சொல்கிறார்கள்! யார் வீட்டுக் கதவு, எந்த நாட்டிலிருந்து வந்த கிண்ணம் என்று வம்சாவளியே ஒப்பிப்பார்கள். 386க்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம், 'பழைய கணினி'. யார் ஓட்டினார்கள், என்ன வேலை நடந்தது, ஒரு வரி கிடையாது. இந்த ஊரில் கடை கடையாக அந்தப் பெட்டிகளை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, பஸ் பிடித்து வந்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல் கற்றுக்கொண்டவர்கள். 'தட்டச்சுப் பெண்' என்றுதான் எங்களை அழைத்தார்கள்; சம்பளமும் அதற்குத்தான். கண்காட்சிக்கு எங்களில் ஒருத்தியைக் கூப்பிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கூப்பிடத் தூரமா? நான் செக்காலையில்தான் இருக்கிறேன்.

"அக்கா, காலம் மாறிவிட்டது" என்று கீழே எழுத வருகிறவர்கள் முதலில் ஒன்று சொல்லிவிட்டு எழுதுங்கள்: கான்ஃபிக்.சிஸ்ஸில் ஹைமெம் வரி முதலில் வர வேண்டுமா, இஎம்எம்386 வரி முதலில் வர வேண்டுமா? ஏன்? கூகுளைப் பார்க்காமல். பேராசிரியரும் எழுதலாம், அவருக்குத் தடையில்லை.