ஜனவரி 3 அட்டவணை சொன்ன பொய்

ஒவ்வொரு ஜனவரியிலும் தவறாமல் அந்தப் படத்தை யாராவது ஒருவர் பகிர்ந்துவிடுகிறார். இடது பக்கம் 2019 ஜனவரி 3-ஆம் தேதி காலை என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) புள்ளி அட்டவணை. 31 அணிகளில் கடைசி இடத்தில் செயின்ட் லூயிஸ் புளூஸ். வலது பக்கம் அதே வருடம் ஜூன் 12, அதே அணி லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. கீழே விடாமுயற்சியைப் பற்றி ஒரு வரி.

எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். புளூஸைப் பிடிக்காது என்பதால் அல்ல. அந்த ஜூனில் அவர்களுக்காகத் தொண்டை கட்டக் கத்தியவன் நான். காரணம் கொஞ்சம் அற்பமானதுதான். டொராண்டோவில் குடியிருப்பதால் மேப்பிள் லீஃப்ஸ் ரசிகனாக இருக்க வேண்டிய தலைவிதி எனக்கு. அந்த ஏப்ரலில் பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்அவுட்) முதல் சுற்றில், ஏழு ஆட்டத் தொடரில் பாஸ்டனுக்கு எதிராக 3-2 என்று முன்னால் இருந்து, கடைசியில் ஏழாவது ஆட்டத்தை 5-1 என்று பறிகொடுத்தோம். முந்தைய வருடமும் இதே பாஸ்டன், இதே ஏழாவது ஆட்டம். ஜூன் இறுதிச் சுற்றில் புளூஸுக்கு எதிரே நின்றதும் அதே பாஸ்டன்தான். அப்புறம் என்ன, பாஸ்டனை எதிர்த்து யார் ஆடினாலும் அவர்கள்தான் நம்ம அணி.

சரி, எரிச்சல் எதற்கு? அந்த ஜனவரி அட்டவணை பொய் சொல்கிறது, அதனால்தான்.

புளூஸ் ஒன்றும் கடைசி இடத்துக்கான அணியே இல்லை. 2018 ஜூலை 1-ஆம் தேதி மூன்று வீரர்களையும் டிராஃப்ட் (இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வாய்ப்புகளையும் பஃபலோவுக்குக் கொடுத்து ரயன் ஓ'ரைலியை வாங்கினார்கள். அதே நாளில் டேவிட் பெரானையும், எங்கள் லீஃப்ஸில் இருந்த டைலர் போசாக்கையும் ஒப்பந்தம் செய்தார்கள். டாரசென்கோ, பியட்ராஞ்சலோ எல்லாம் ஏற்கெனவே இருந்தார்கள். சீசன் தொடங்கும்போது நல்ல அணி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் கோல்கீப்பர் ஜேக் ஆலன் தடுமாறினார். நவம்பர் 19-ஆம் தேதி பயிற்சியாளர் மைக் யோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு கிரெய்க் பெரூபியைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். டிசம்பரில் பயிற்சியின்போதே சக வீரர்கள் சான்ஃபோர்டும் போர்ட்டூஸோவும் அடித்துக்கொண்டார்கள். அந்தக் காணொளியை அப்போது நானும் சிரித்துக்கொண்டே பகிர்ந்தேன், மறைக்கவில்லை.

ஜனவரி 3 அன்று அவர்கள் 37 ஆட்டத்தில் 34 புள்ளி. மற்ற பல அணிகள் அதைவிடக் கூடுதலாக ஆடியிருந்தன என்பதை அந்தப் படம் சொல்லாது.

நான்கு நாள் கழித்து, ஜனவரி 7, ஃபிலடெல்ஃபியாவில் ஜோர்டன் பின்னிங்டன் என்ற 25 வயதுக்காரரை கோல்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். என்.எச்.எல்.லில் அவர் தொடக்கத்திலிருந்து ஆடிய முதல் ஆட்டம் அது. 3-0, ஒரு கோல்கூட விடவில்லை. இவர் யார் தெரியுமா? 2011 டிராஃப்ட்டில் மூன்றாவது சுற்றில் தேர்வாகி, வருடக்கணக்கில் கீழ் லீக்கில் கிடந்தவர். சீசன் ஆரம்பத்தில் புளூஸின் கோல்கீப்பர் வரிசையில் நான்காவது ஆள். அதற்கு முந்தைய சீசனில் அவரை பிராவிடன்ஸ் அணிக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். பிராவிடன்ஸ் யாருடைய கிளை அணி? பாஸ்டனுடையது! கையில் வைத்திருந்தவரிடமே ஜூனில் கோப்பையைத் தோற்றார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு டம்ளர் பாயசம் குடித்த மாதிரி இருக்கும்.

மீதி சீசனில் பின்னிங்டன் 24 வெற்றி, ஆட்டத்துக்கு சராசரி 1.89 கோல்தான் விட்டார். அணி இடையில் தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்து, 99 புள்ளியில் முடித்தது. டிசம்பரில் சோம்பேறிகளாக இருந்தவர்கள் பிப்ரவரியில் திடீரென்று வைராக்கியம் பிடித்து எழுந்துவிடவில்லை. பெரூபி ஆட்டத்தை எளிமையாக்கினார் என்பது உண்மை. ஆனால் பெரும்பகுதி ஆட்கள் அதே ஆட்கள். பின்னால் ஓட்டை அடைபட்டது, முன்னால் போட்ட கோலுக்கு மதிப்பு வந்தது.

இதே சீசனின் மறுபாதியை அந்தப் படம் போடுபவர்கள் தொடுவதே இல்லை. டாம்பா பே லைட்னிங் அந்த வருடம் 82 ஆட்டத்தில் 62 வெற்றி. 1995-96-இல் டெட்ராய்ட் வைத்த சாதனையைச் சமன் செய்தது. 128 புள்ளி, அடுத்து வந்தவர்களுக்கு 107. குச்செரோவ் தனி ஆளாக 128 புள்ளி (கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து) எடுத்தார், ஸ்டாம்கோஸ் 45 கோல், பாயின்ட் 41 கோல். முதல் சுற்றில் எதிரே கொலம்பஸ், அதுவரை ஒரு பிளேஆஃப் சுற்றைக்கூட ஜெயிக்காத அணி. முதல் ஆட்டத்தில் டாம்பா 3-0 என்று முன்னிலை. அங்கிருந்து 4-3 தோல்வி. அடுத்து 5-1, 3-1, 7-3. நாலே ஆட்டத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். இவர்கள் என்ன, முயற்சியை விட்டவர்களா?

அந்த வசந்தத்தில் நான்கு பிரிவிலும் முதலிடம் பிடித்த அணிகள் முதல் சுற்றிலேயே வெளியே போயின. டாம்பா, வாஷிங்டன், நாஷ்வில், கால்கரி. ஐஸ் ஹாக்கி அப்படிப்பட்ட ஆட்டம். முப்பது தடவை அடித்தால் மூன்று உள்ளே போகும், அதில் ஒன்று யாருடைய கால் உறையிலோ பட்டுத் திரும்பியதாக இருக்கும். ரெஃப்ரி விசில் வேறு. சான் ஹோசேவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில், ஓவர்டைமில் (கூடுதல் நேரத்தில்) சான் ஹோசேயின் மையர் பக்கை (ஹாக்கி வட்டை) கையால் தள்ளியதைக் கவனிக்காமல் அவரது சக வீரர் கார்ல்சன் அடித்த கோலைக் கொடுத்து, புளூஸைத் தோற்கடித்தார்கள். இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் போசாக், பாஸ்டன் வீரரின் காலைத் தட்டிவிட்டதற்கு விசில் வரவில்லை. சில நொடியில் பெரான் கோல். அந்த ஆட்டம் 2-1. எனக்கு அப்போது ரெஃப்ரி மீது கோபமே வரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஏழாவது ஆட்டத்தின் முதல் இருபது நிமிடம் முழுக்க பாஸ்டன் கை ஓங்கியிருந்தது. பின்னிங்டன் எல்லாவற்றையும் தடுத்தார். புளூஸ் அந்த நேரத்தில் அடித்ததே நான்கு, உள்ளே போனது இரண்டு. முடிவில் 4-1. நான்காவது கோல் யாருடையது? டிசம்பரில் சண்டை போட்ட அதே சான்ஃபோர்ட்.

அப்புறம் டாம்பா. நாலு ஆட்டத்தில் தோற்ற பயிற்சியாளர் ஜான் கூப்பரை மாற்றவில்லை, அணியைக் கலைக்கவில்லை. புளூஸ் செய்ததற்கு நேரெதிர். செயின்ட் லூயிஸிலேயே பிறந்து வளர்ந்து, டல்லஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் இரண்டாவது ஓவர்டைமில் கோல் அடித்து ஊரைக் காப்பாற்றிய பாட் மரூனை அந்த ஆகஸ்டில் சேர்த்துக்கொண்டார்கள். 2020 முதல் சுற்றில் மறுபடியும் கொலம்பஸ்தான் எதிரே வந்தது. முதல் ஆட்டம் ஐந்தாவது ஓவர்டைம் வரை இழுத்தது, பாயின்ட் முடித்துவைத்தார். அந்தக் கோப்பையும் 2021 கோப்பையும் டாம்பாவுக்கே. மரூனுக்கு மூன்று வருடத்தில் மூன்று கோப்பை.

புளூஸ் லீக்கில் நுழைந்தது 1967 அக்டோபரில். அதற்குச் சில மாதம் முன்புதான் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பையைத் தொட்டது. எங்களுக்கு எந்த ஜனவரி படமும் இல்லை. இருந்தால் யாராவது அனுப்புங்கள்.