மூணாவது தொழிலுக்கு முதல் தொழிலின் கணிப்பு போதுமா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரே தொழிலோடு நிற்காத ஆட்கள் நிறைய. தேயிலை இருக்கும், அப்புறம் ஹோம்ஸ்டே, அடுத்து சாக்லேட் கடை. மூணாவதுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு தொழில் பார்த்தாச்சு, மனசுக்குப் பட்டா சரியாத்தான் இருக்கும்." இதில் பாதிதான் எனக்குச் சம்மதம்.

தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர் வாடின இலையை ஒரு பிடி அள்ளி அமுக்குவார். கையை விரித்ததும் உருண்டை உதறிக்கொண்டு பிரியக் கூடாது, காம்பு ஒடியாமல் வளையணும். மீட்டர் பார்க்காமலே வாட்டம் போதுமா என்று சொல்லிவிடுவார். அதில் மந்திரம் இல்லை. தப்பினால் அன்றைக்கே டிரையரில் தெரியும், கப்பில் தெரியும், குன்னூர் ஏலத்தில் விலையிலும் தெரியும். தினமும் திருத்தப்பட்ட கை அது, நம்பலாம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரை சொல்வதும் இதுதான்: ஒழுங்கு உள்ள சூழலும், சரியா தப்பா என்று கற்றுக்கொள்ள வாய்ப்பும் இருந்தால்தான் உள்ளுணர்வு தேறும்.

அதே ஆள் ஹோம்ஸ்டேவுக்கு வந்தால் பாடம் வருஷத்துக்கு ஒரு சீசன்தான். மே மாதக் கூட்டத்தைப் பார்த்து மனசு போடும் கணக்கு ஜூலை மழையில் நிற்காது. விதியும் மாறும். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே வந்துவிட்டது. பழைய கூட்டத்தில் பழகின கணிப்புக்கு இது தெரியாது.

சாக்லேட்டில் ஊட்டிக் குளிரே ஆளை ஏமாற்றும். ஊற்றி வைத்தால் தானா இறுகிவிடும், டெம்பரிங் (உருக்கி, ஆற்றி, மறுபடி சூடேற்றும் பக்குவம்) எதுக்கு என்று தோன்றும். டார்க் சாக்லேட்டை 45 டிகிரி தாண்டி உருக்கி, 27-28க்கு இறக்கி, மறுபடி 31-32க்கு ஏற்றித்தான் அச்சில் ஊற்றணும். இதைச் செய்யாமல் விட்டால் கோகோ வெண்ணெய் தாறுமாறாக உறைந்து, கொஞ்ச நாளில் மேலே வெள்ளை படரும். ஒழுங்காகச் செய்ததுகூட சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையம் தாண்டினால் 34 டிகிரி வாக்கில் உருகி, மறுபடி உறைந்து வெளுக்கும். அது கொழுப்புதான். வாங்கினவர் பூஞ்சை என்று திருப்பி அனுப்புவார். கீழ்நாட்டு ஆர்டர் எடுப்பதற்கு முன், ஏப்ரலில் பத்துப் பெட்டியைக் கோவைக்கும் மதுரைக்கும் கூரியரில் அனுப்பி, ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். செலவு சில ஆயிரம்தான்.

என் கட்சி இது: மனசு "வேண்டாம்" என்றால் கேளுங்கள், "இறங்கு" என்றால் சோதியுங்கள். கணக்கு கேட்டாலே பேச்சை மாற்றுகிற பங்குதாரரை விட்டு விலகினால் போவது ஒரு வாய்ப்பு. இறங்கிச் சிக்கினால் போவது போட்ட முதல். கூடலூர் பக்கம் நிலம் மலிவாக வந்தால் மனசைக் கேட்கவே வேண்டாம். பட்டா, வில்லங்கச் சான்று, ஜென்ம நிலச் சட்டத்தின் (பழைய ஜென்மி நிலங்களை அரசு எடுத்துக்கொண்ட சட்டம்) பிரிவு 17-ல், அதாவது தோட்டக் குத்தகை நிலத்தில், வருகிறதா, இதையெல்லாம் வக்கீலிடம் காட்டுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கணிப்பை எண்ணாக நோட்டில் தேதியோடு எழுதுங்கள்: "ஆகஸ்ட்டில் வார நாளில் 6 அறையில் 2 நிறையும். இல்லையென்றால் சமையலுக்கு மாதச் சம்பள ஆள் கிடையாது." எழுதாவிட்டால் பின்னாடி எல்லாருமே "நான் அப்பவே சொன்னேன்" கோஷ்டிதான். பங்குதாரர் இருந்தால் அவரும் தனியாக எழுதட்டும். ஒருத்தர் 2 என்றும் இன்னொருத்தர் 5 என்றும் எழுதியிருந்தால், அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளிப்போட்டு முதலில் அதைப் பேசுங்கள்.