சம்பளம் மட்டும் ஏன் கடைசி வரிசையில்?

கையில் காசு இறுகும் மாசத்தில் ஒரு சின்ன கம்பெனி யாருக்கு முதலில் பணம் கொடுக்கும் தெரியுமா? அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருப்பவன், அதனால் சொல்கிறேன். முதலில் ஈபி பில். கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்து பேங்க் தவணை. பிறகு ஜிஎஸ்டி, தொடர்ந்து ரிட்டர்ன் போடாவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாது, சரக்கு வாசலைத் தாண்டாது. அப்புறம் சப்ளையர். மிச்சம் இருந்தால் சம்பளம். இதற்கு முதலாளி கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. மற்றதை நிறுத்தினால் மறுநாளே அடி விழும். சம்பளத்தை நிறுத்தினால் நாலு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

"கஷ்ட காலத்துல கம்பெனி கூட நிக்கணும் சார்" என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. தாராளமாக நில்லுங்கள். ஆனால் பாக்கி எவ்வளவு, எந்த மாசத்துக்கு என்று ஒரு மெயில் போட்டுவிட்டு நில்லுங்கள். "அடுத்த வாரம் கண்டிப்பா போட்டுடறேன்" என்று மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அழிக்காதீர்கள். பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்ட சாட்சி அது.

இன்னொன்று. சம்பளம் தள்ளிப்போவதற்கு முன்பே பல இடங்களில் பிஎஃப் தள்ளிப்போக ஆரம்பித்துவிடும். சம்பள ஸ்லிப்பில் பிடித்தம் இருக்கும். பிஎஃப் பாஸ்புக்கில் அந்த மாசத்தைக் காணோம். மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டிய பணம் அது. இரண்டு மாசம் தொடர்ந்து காணோம் என்றால் ஆபீஸில் ஏதோ புகைகிறது என்று வையுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. மாசச் சம்பளம் அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். வேலையை விட்டாலும், அவர்களே நீக்கினாலும், இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். "எஃப் அண்ட் எஃப் (கடைசிக் கணக்கு) 45 நாள் ஆகும்" என்று இன்னமும் மெயில் அனுப்பும் எச்ஆர்களுக்கு யாராவது இதைக் காட்டுங்கள். பழைய சட்டத்தில் மாசம் 24,000 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. இப்போது அது இல்லை, ஐடிக்காரர்களும் கேட்கலாம். மூன்று வருஷத்துக்குள் மனு போடலாம். பாக்கியோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்லவும் அதிகாரிக்கு இடம் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

அதனால்தான் பணம் கைக்கு வருமுன் வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடாதீர்கள். "பாக்கி எதுவும் இல்லை" என்ற தாளிலும் அப்படியே.

போலீஸுக்குப் போனால் பெரும்பாலும் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். லேபர் ஆபீஸுக்குப் போங்கள். நாலைந்து பேர் சேர்ந்து போனால் நல்லது.

அதற்கு முன்னால், உண்மையிலேயே காசில்லை என்று முதலாளி சொன்னால், தேதி போட்ட செக் கேளுங்கள். அந்த நிமிஷமே உங்கள் சம்பளம் பேங்க் தவணைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். செக் திரும்பினால், தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாசத்துக்குள் கோர்ட். வக்கீலுக்குக் காசில்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் உதவி இலவசம். போன் எண் 15100.