ஃபோர்டுக்குக் காது கேட்காது

மே தினம் வந்தால் போதும், ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தை இரண்டு மடங்கு ஆக்கினார், அவர்களும் கார் வாங்கட்டும் என்று நினைத்த மகான் என்று ஒரு பதிவு எல்லாக் குழுவிலும் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. இந்த முறை நன்றாக விஷயம் தெரிந்த நண்பர் ஒருவரே பகிர்ந்திருந்தார். சம்பளம் கொடுத்தது உண்மைதான். 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார், அதற்கு முன்னால் கிடைத்தது ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் அதற்கு முந்தைய வருடம் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. டெட்ராய்ட் பக்கத்தில் ஹைலேண்ட் பார்க் ஆலையில் வண்டி நகர்ந்து வர, ஆட்கள் நின்ற இடத்தில் நின்றே பாகங்களைப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பூட்டும் வேலை 93 நிமிடத்துக்கு வந்தது. ஒரே போல்ட்டை நாள் முழுக்க முடுக்கிக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஆட்கள் சேர்ந்த வேகத்தில் ஓடினார்கள். 14,000 பேர் வேலையில் நிற்க வேண்டுமென்றால் அந்த ஒரே வருடத்தில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 5 டாலர் அந்த ஓட்டத்தை நிறுத்த வந்த காசு. அதிலும் பாதி லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அது கைக்கு வர வேண்டுமென்றால் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து, குடிக்கிறாயா, வீடு சுத்தமாக இருக்கிறதா, சேமிக்கிறாயா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவான், அதில் தேற வேண்டும்.

ஃபோர்டை மட்டம் தட்ட இதை எழுதவில்லை. எனக்கு ஃபோர்டு வண்டி ரொம்பப் பிடிக்கும். என் மாமா வீட்டு டீசல் ஃபிகோ இன்றைக்கும் ஓடுகிறது, திண்டிவனம் தாண்டி 100இல் போகும்போது அந்த ஸ்டீயரிங் கையில் கொடுக்கிற தைரியத்தை அதே விலையில் வேறு வண்டியில் நான் பார்த்ததில்லை. நான் சொல்ல வருவது இதுதான். இந்தக் கம்பெனிக்கு வண்டி செய்யத் தெரியும், கீழே இருப்பவன் சொல்வதைக் கேட்கத் தெரியாது. கீழே இருப்பவன் என்றால் தொழிலாளி மட்டும் இல்லை, இன்ஜினியரும்தான், எல்லோருக்கும் கீழே காசு கொடுத்து வாங்கியவனும்தான். நூறு வருடத்துக்கு மேலான கதையில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி காரிலிருந்து பார்ப்போம். 1908இல் வந்தது, விலை 850 டாலர். 1920களின் நடுவில் 260 டாலருக்கு இறங்கியிருந்தது. மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டி. இதை வைத்திருந்தவர்களின் கதையைப் படித்தால் சிரிப்பு வரும், பொறாமையும் வரும். மூன்று பெடல் உண்டு, ஆக்சிலரேட்டர் மட்டும் காலில் கிடையாது, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையால் இழுக்க வேண்டும். இடது பெடல் கியருக்கு, நடுப் பெடல் ரிவர்ஸுக்கு, வலது பெடல் பிரேக்குக்கு. ஆரம்ப கால வண்டிகளை முன்னால் நின்று கிராங்க் சுற்றித்தான் கிளப்ப வேண்டும், அது திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் ஏராளம். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில், பம்ப் எதுவும் இல்லை, தானாக வழிந்து இன்ஜினுக்குப் போக வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் இன்ஜின் உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் ஏறாது. என்ன செய்வார்கள்? வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மேடு ஏறுவார்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க சீட்டைத் தூக்கிக் குச்சியை விட வேண்டும். இத்தனைக்கும் நடுவில், அமெரிக்க விவசாயி அந்த வண்டியின் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுத்தான், தண்ணீர் இறைத்தான். கெட்டுப்போனால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தானே சரி செய்தான். வாங்கியவனுக்கு வண்டி முழுதாகச் சொந்தமாக இருந்த காலம் அது.

இப்படி ஒன்றைச் செய்தவருக்கு அதை மாற்ற மனம் வரவில்லை. 1912 வாக்கில் ஹென்றி ஃபோர்டு ஐரோப்பா போய்த் திரும்பிய சமயம் ஆலையில் இருந்தவர்கள் மாடல் டியையே கொஞ்சம் நீளமாக்கி, தாழ்வாக்கி, அழகாக ஒரு வண்டி செய்து அவருக்குக் காட்டினார்களாம். மனுஷன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, அப்புறம் கதவைப் பிடித்து இழுத்துப் பிய்த்தார், கண்ணாடியை உடைத்தார். அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னால் சொன்ன சம்பவம் இது. அதற்குப் பிறகு யாருக்கு வாய் திறக்கத் தோன்றும்? 1926 ஜனவரியில் எர்னஸ்ட் கான்ஸ்லர் என்ற அதிகாரி, மகன் எட்செல் ஃபோர்டின் மனைவி வழி உறவினர், துணிந்து நீளமாக ஒரு கடிதம் எழுதினார். மாடல் டி காலம் முடிகிறது, ஜனங்கள் வேறு வண்டிக்குப் போகிறார்கள் என்று. சில மாதங்களில் அவருக்கு வேலை போனது. 1927இல் மாடல் டியை நிறுத்தத்தான் வேண்டிவந்தது, அடுத்த வண்டி தயாராக இல்லாததால் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த டிசம்பரில் மாடல் ஏ வந்தது, நல்ல வண்டி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் அதற்குள் தவணையில் வண்டி கொடுத்து, வருடா வருடம் உருவத்தை மாற்றி, வாங்குகிறவனுக்கு என்ன ஆசை என்று கேட்டு முன்னால் போய்விட்டது. ஃபோர்டும் தவணை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார், எப்படித் தெரியுமா? வாரா வாரம் காசு கட்டு, முழுதும் கட்டி முடித்த பிறகு வண்டியை எடுத்துப் போ. நம்மூர் நகைச் சீட்டேதான்.

தொழிற்சங்கத்தின் பேச்சைக் கேட்க மறுத்து 1937 மே மாதம் ஃபோர்டின் ரூஜ் ஆலை மேம்பாலத்தில் சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் உள்ளிட்டவர்களைக் கம்பெனி ஆட்கள் போட்டு அடித்ததும், 1941இல் வேறு வழியில்லாமல் அதே சங்கத்துடன் ஒப்பந்தம் போட்டதும் தனிப் பதிவுக்கான விஷயம். 1964இல் மஸ்டாங் கார் வந்து அசத்தியதும் அப்படியே.

பின்டோவைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்லவர்களே தவறாகப் பகிர்கிறார்கள். 1970இல் வந்த சின்ன வண்டி. 2,000 பவுண்டு எடை, 2,000 டாலர் விலை, அதைத் தாண்டக் கூடாது என்பது ஃபோர்டின் உயரதிகாரி லீ அயகோக்காவின் கட்டளை. பெட்ரோல் டேங்கைப் பின் ஆக்சிலுக்கும் பின்னால் வைத்தார்கள். பின்னாலிருந்து இடித்தால் டேங்க் நசுங்கும், பெட்ரோல் கொட்டும், தீப்பிடிக்கும். கம்பெனி செய்த மோதல் சோதனைகளிலேயே டேங்க் கசிந்தது. இது வரை சரி. அடுத்து வரும் கதைதான் வாட்ஸ்அப்பில் வருவது: ஆள் செத்தால் 2,00,000 டாலர், வண்டிக்குப் பாகம் போட்டால் 11 டாலர், கூட்டிக் கழித்துப் பார்த்துச் சாகட்டும் என்று விட்டார்கள் என்பது. அந்தக் கணக்குக் காகிதம் நிஜமாகவே உண்டு. ஆனால் அது பின்டோவைப் பற்றியே இல்லை, பின்னாலிருந்து இடிப்பதைப் பற்றியும் இல்லை. வண்டி உருளும்போது பெட்ரோல் கசிவதைத் தடுக்க அரசு கொண்டுவர இருந்த விதியை எதிர்த்து, அமெரிக்காவில் விற்கும் மொத்த வண்டிகளுக்கும் சேர்த்துப் போட்டு, அரசு அமைப்புக்கு அனுப்பிய கணக்கு அது. உயிருக்கு விலை என்ற எண்ணும் அந்த அரசு அமைப்பே வைத்திருந்த எண்.

அப்படியானால் ஃபோர்டு நல்ல பிள்ளையா? இல்லவே இல்லை. எனக்கு அந்தக் காகிதத்தை விடச் சோதனைதான் பயங்கரம். டேங்க் தாங்காது என்று சோதனை சொன்னது, தாங்க வைக்க அதிகச் செலவில்லாத வழிகள் இருந்தன, அப்படியும் வண்டி சந்தைக்குப் போனது. 1978இல் கலிபோர்னியா நடுவர் குழு ஒரு வழக்கில் தண்டனைத் தொகையாக மட்டும் 12.5 கோடி டாலர் போட்டது, நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். அந்த வருடமே 15 லட்சம் வண்டிகளை ரீகால் செய்தார்கள், அதாவது கோளாறைச் சரிசெய்யத் திரும்ப வரவழைத்தார்கள். இந்தியானாவில் மூன்று பெண்கள் இறந்த விபத்துக்காகக் கம்பெனி மேலேயே குற்ற வழக்குப் போட்டார்கள், 1980இல் விடுதலை ஆனது. வில்லன் ஒருவன் மேசையில் உட்கார்ந்து உயிரைக் கணக்குப் போட்டான் என்ற கதை நமக்கு வசதியாக இருக்கிறது. நடந்ததோ, விலையும் எடையும் தேதியும் முடிவான பிறகு கெட்ட செய்தியை மேலே கொண்டுபோகும் பழக்கமே அந்த இடத்தில் இல்லாததுதான் என்பது என் எண்ணம்.

ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் வண்டியும் அதில் போட்ட ஃபயர்ஸ்டோன் கம்பெனி டயரும் சேர்ந்த விவகாரமும் ஏறக்குறைய இந்த மாதிரிதான். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர் ரீகால், மொத்தத்தில் இருநூறுக்கு மேல் உயிர் போனது, டயரில் கோளாறு என்று ஃபோர்டும் வண்டியில் கோளாறு என்று ஃபயர்ஸ்டோனும் மாறி மாறிக் கைகாட்டின. அப்போது ஃபோர்டின் தலைவர் வில்லியம் கிளே ஃபோர்டு ஜூனியர், அப்பா வழியில் ஹென்றி ஃபோர்டுக்கும் அம்மா வழியில் ஹார்வி ஃபயர்ஸ்டோனுக்கும் கொள்ளுப்பேரன். குடும்பச் சண்டையைச் சீரியலில்கூட இப்படி எழுத மாட்டார்கள்.

காது கேட்ட ஒரு காலமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. 2006இல் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி வந்தார். வாரா வாரம் கூட்டம், ஒவ்வொரு அதிகாரியும் தன் வேலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்ட வேண்டும். எல்லோரும் பச்சையாகக் கொண்டுவந்தார்கள். கம்பெனி பல நூறு கோடி டாலர் நஷ்டத்தில் போகிறது, சிவப்பாக எதுவுமே இல்லையா என்று கேட்டார். கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி ஒரு வண்டியின் உற்பத்தி நிற்கிறது என்று சிவப்பைக் காட்ட, அறையே உறைந்திருக்க, முலாலி கைதட்டினார். அதே வருடம் நீல ஓவல் சின்னம் முதற்கொண்டு எல்லாவற்றையும் அடமானம் வைத்து 23 பில்லியன் டாலருக்கு மேல் கடன் வாங்கி வைத்தார்கள். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவால் ஆனபோது ஃபோர்டு மட்டும் தப்பித்தது.

ஆனால் அதே ஆண்டுகளில்தான் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸும் வந்தது, எனக்குப் புரியாத இடம் இது. ஃபியெஸ்டா, ஃபோகஸ் கார்களில் போட்ட இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். டிராஃபிக்கில் மெதுவாகப் போகும்போது உதறும், தயங்கும், சில சமயம் இழுவையே போய்விடும். வண்டி வெளிவரும் முன்பே இன்ஜினியர்கள் எச்சரித்திருந்தார்கள் என்று 2019இல் டெட்ராய்ட் நாளிதழ் ஒன்று ஆவணங்களோடு எழுதியது. ஆஸ்திரேலியாவில் புகார் சொன்னவர்களிடம், கியர்பாக்ஸில் கோளாறு இருப்பது தெரிந்தும், நீங்கள் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். 2018இல் அந்நாட்டு நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. காசு கொடுத்து வாங்கியவனைப் பார்த்து உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்வதை விட மோசமான சர்வீஸ் இருக்க முடியுமா?

அப்புறம் சென்னைக்குப் பக்கத்தில் ஃபோர்டு ஆலை இருக்கும் நம்ம மறைமலை நகர். 1999இல் ஐகான் வந்தபோது ஜோஷ் மெஷின் என்று விளம்பரம், வண்டியும் அதற்கேற்ற மாதிரியே பறந்தது. 2010இல் ஃபிகோ, சரியான விலை, சரியான வண்டி, விற்றுத் தள்ளியது. அடுத்த வருடமே புது ஃபியெஸ்டாவுக்கு எட்டு லட்சத்துக்கு மேல் விலை வைத்தார்கள், பின் சீட்டிலோ கால் வைக்க இடம் போதவில்லை, போணியாகவில்லை. 2013 எக்கோஸ்போர்ட் சின்ன எஸ்யூவி ரகத்துக்கே வழி திறந்துவிட்டது, அப்புறம் மாருதியின் பிரெஸ்ஸா வந்தது, ஹூண்டாயின் வென்யூ வந்தது, எக்கோஸ்போர்ட் மட்டும் முகத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு அப்படியே நின்றது. மாடல் டி ஞாபகம் வரவில்லையா? 2021 செப்டம்பர் 9இல், பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். 2022இல் நிவாரணத் தொகை போதாது என்று தொழிலாளர்கள் போராட வேண்டிவந்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட் மறைமலை நகரில் செய்தது. அதன் ஒரு லிட்டர் இன்ஜினில் ஆயில் பம்ப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உடைந்து, ஆயில் அழுத்தம் போய், இன்ஜின் நின்றுவிடுகிறது என்று அங்கே வாங்கியவர்கள் அரசிடம் புகார் மேல் புகார் கொடுத்து, 2023 கடைசியில் ஃபோகஸையும் சேர்த்து 1,39,000 வண்டிகள் ரீகால் ஆயின. ரிவர்ஸ் கேமரா ரீகாலைத் தாமதமாகச் செய்ததற்காக அடுத்த வருடம் 16.5 கோடி டாலர் வரை அபராதம் வந்தது. 2025இல் ஒரே வருடத்தில் நூற்றுக்கு மேல் ரீகால், அமெரிக்காவில் எந்தக் கம்பெனியும் அதற்கு முன் தொடாத எண்ணிக்கை. இப்போதாவது ஒத்துக்கொள்கிறார்களே என்று சொல்லும் ஃபோர்டு ரசிகர்கள் இருக்கிறார்கள், பாதி நியாயம் அதில் உண்டு.

மறைமலை நகர் ஆலை திறக்கிறது, ஃபோர்டின் பெரிய வண்டி எண்டெவர் வருமா என்று கேட்பவர்களுக்கு: 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசோடு போட்ட ஒப்பந்தம் 3,250 கோடி ரூபாய்க்கு இன்ஜின் தயாரிக்க, அதுவும் 2029இலிருந்து. கார் பற்றி அதில் பேச்சில்லை. செகண்ட் ஹேண்ட் எக்கோஸ்போர்ட் வாங்கலாமா என்று இன்பாக்ஸில் வருபவர்களுக்கு: டீசல் மேனுவல் கிடைத்தால் சர்வீஸ் ரெக்கார்டைப் பார்த்துவிட்டுத் தாராளமாக வாங்குங்கள். ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால் 2017 நவம்பருக்குப் பிறகு வந்ததைப் பாருங்கள், அதில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் என்ற வழக்கமான ஆட்டோமேட்டிக், அதற்கு முந்தையதில் இருப்பது மேலே சொன்ன இரட்டை கிளட்ச். ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் இன்ஜின் என்றால் பெல்ட்டும் ஆயிலும் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு காட்டச் சொல்லுங்கள், வாய் வார்த்தையை நம்பாதீர்கள்.