வேலை அவருக்கு, கூலி நம்மிடமா?

நேற்று மாலை ஒரு வீட்டுத் தரகர் என்னிடம் ஒரு மாத வாடகையைக் கூலியாகக் கேட்டார். அவர் எனக்காகச் செய்த வேலை ஒரு பூட்டைத் திறந்தது மட்டுமே. நகரின் மையப் பகுதியில் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு தேடுகிற எவருக்கும் இது புதிதாக இருக்காது என்பதால், நடந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

'காற்றோட்டமான இரண்டு அறைகள்' என்றது விளம்பரம். சொன்ன நேரத்துக்கு நான் போய்விட்டேன். தரகர் அரை மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் வாசலில் இன்னும் மூன்று குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. எல்லோருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்திருக்கிறார், ஏனென்றால் போட்டியைக் கண்ணால் பார்த்த பிறகு எவரும் பேரம் பேசத் துணிய மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவது அறை என்று காட்டியது, பலகை வைத்துத் தடுத்த கூடத்தின் பாதி. அதன் ஒரே ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். குளியலறைக் கதவு அடிப்புறம் ஊறி உப்பிப்போய், முக்கால்வாசிக்கு மேல் சாத்த முடியவில்லை. சமையலறையில் ஈரம் இறங்கிய சுவர்மேல் அவசரமாக வெள்ளை அடித்திருந்தார்கள். விரலை வைத்தேன், பூச்சு சேறாக ஒட்டிக்கொண்டு வந்தது.

எங்கிருந்து கசிகிறது என்று கேட்டேன். "ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். கதவை மாற்றித் தருவார்களா என்றதற்கும் அதே பதில். ஆனால் விளம்பரத்தில் போட்ட வாடகைதானே என்று கேட்டபோது மட்டும் அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், யார் கூடுதலாகத் தருகிறீர்களோ அவர்களுக்கே வீடு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கைக்குழந்தையோடு வந்திருந்த பெண் தன் கணவரைப் பார்த்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினார்கள். பிறகு என்னைத் தனியே அழைத்து, தரகுப் பணத்தை இப்போதே கொடுத்தால் எனக்கே முடித்துத் தருவதாகச் சொன்னார். ரசீது தருவீர்களா என்றேன். அது வழக்கமில்லையாம்.

வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லி அவரை அமர்த்தியவர் உரிமையாளர். சாவி உரிமையாளர் கொடுத்தது. வாடகையை ஏற்றிவிட்டதும் உரிமையாளருக்காக. எனக்கு எதிராகப் பேரம் பேசிய மனிதருக்கு நான் எதற்காகக் கூலி கொடுக்க வேண்டும்?

உலகமெங்கும் இப்படித்தான் என்று சமாதானம் சொல்பவர்கள் சற்று வெளியே பார்க்கட்டும். ஜெர்மனியில் வாடகைதாரரிடம் இரண்டு மாத வாடகையும் அதன்மேல் வரியும் வரை தரகு வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2015 ஜூன் 1 முதல், தரகரை யார் அமர்த்துகிறாரோ அவரே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இங்கிலாந்தில் வீடு பார்ப்பதற்கு, ஒப்பந்தம் எழுதுவதற்கு என்று வாடகைதாரர் தலையில் கட்டிய கட்டணங்கள் 2019 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டன. தரகர்களின் கோட்டையாக இருந்த நியூயார்க் நகரத்திலேயே 2025 ஜூன் முதல், உரிமையாளர் வைத்த தரகருக்கு உரிமையாளர்தான் பணம் கொடுக்க வேண்டும்.

அப்படிச் செய்தால் உரிமையாளர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார் என்பார்கள். சிலர் ஏற்றவும் செய்வார்கள். ஆனால் மாதாமாதம் சிறிது கூடுதலாகக் கொடுப்பதும், முன்பணம், முதல் மாத வாடகை, சாமான் ஏற்றும் வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் பணம் புரட்டுகிறவரிடம் இன்னொரு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பதும் ஒன்றல்ல. அதுவுமில்லாமல், தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தால் உரிமையாளரே தரகரிடம் கணக்குக் கேட்பார். நாம் கேட்டால் வீடு கிடைக்காது.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. நாம் ஒரு வீட்டில் நிம்மதியாகப் பல ஆண்டுகள் குடியிருந்தால் தரகருக்கு ஒரு காசு வரவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் நம்மைக் கிளப்பிவிட்டால் அதே வீட்டுக்கு அவருக்கு மறுபடி ஒரு மாத வாடகை. நாம் காலி செய்தால் லாபம் காணப்போகிறவருக்கு, குடிவரும்போதே நம்மைப் பணம் கட்டச் சொல்கிறார்கள்.